ஆயில் சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற

வண்டி நிறுத்துற இடத்துல, தரையில கருப்பா ஒரு வட்டம். அது தெரியாம இருக்க மேல ஒரு அட்டை. மாசம் ஒருமுறை கால் லிட்டர் ஆயில் வாங்கி ஊத்துறது. "வண்டி பழசாயிருச்சு, கொஞ்சம் ஆயில் குடிக்குது, அவ்ளோதான்" என்று ஒரு சமாதானம்.

இது உங்க வீட்டுக் கதைன்னா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

டாக்டருக்கு என்ஜின் ஆயில் பத்தி என்ன தெரியும்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா ஆயிலில் வழுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்து வர்றவங்களுக்குத் தையல் போடுறது நாங்கதான். செயினில் விரலை விட்டவங்களை முதலில் பார்க்கிறதும் அரசு மருத்துவமனை டூட்டி டாக்டர்தான். அதோட, "கசியுறது எங்கிருந்து?" என்று தேடுறதுதான் எங்க வேலையில் பாதி.

முதல்ல ஒரு சின்ன கணக்கு.

நிமிஷத்துக்கு ஒரே ஒரு சொட்டு. பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம், அதாவது 1440 சொட்டு. நாங்க போடுற சலைன் டிரிப்ஸில் சுமார் 20 சொட்டு சேர்ந்தா 1 மில்லி. ஆயில் சொட்டு அதைவிடச் சின்னது, 40 சொட்டுக்கு 1 மில்லின்னு தாராளமாவே வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 36 மில்லி. நிக்காம சொட்டினா மாசத்துக்கு 1 லிட்டருக்கு மேல.

100 சி.சி பைக் என்ஜினுக்குள்ள இருக்கிற மொத்த ஆயிலே சுமார் 1 லிட்டர்தான்.

ஆயில் குறைஞ்சா என்ன ஆகும்? காத்துல குளிரும் என்ஜினுக்கு ஆயில் வெறும் வழவழப்பு மட்டும் தர்றதில்லை. உள்ளே இருக்கிற சூட்டையும் அதுதான் வெளியே கொண்டு வருது. அது குறைஞ்சா இரும்பும் இரும்பும் நேரா உரசும். ஒரு கட்டத்துல பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே பிடிச்சுக்கும். மெக்கானிக் பாஷையில் "சீஸ் ஆயிருச்சு". அது வீட்டு வாசல்ல நடந்தா செலவோட போச்சு. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், பின்னால பஸ் வரும்போது நடந்தா? பின் சக்கரம் சட்டுனு பூட்டிக்கும். அப்புறம் வண்டியைப் பத்திப் பேச வேண்டியிருக்காது.

இன்னொரு ஆபத்து, கசியுற ஆயில் பின் டயருக்கோ பிரேக்குக்கோ போறது. அது ஓட்டுறவங்களுக்கு மட்டுமான ஆபத்தும் இல்லை. எங்க ஊர் சமயபுரம். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பிச்சதுல இருந்து சித்திரைத் தேர் வரைக்கும், மஞ்சள் துணி கட்டின ஜனம் ராத்திரி பகலா ரோட்டோரம் நடந்து வந்துக்கிட்டே இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு, செருப்பில்லாம. அந்த ரோட்டில்தான் நம்ம வண்டியும் ஆயிலைச் சிந்திக்கிட்டே போகுது. மாசக்கணக்கா சிந்தின ஆயில் தூசியோட சேர்ந்து ரோட்டில் படிஞ்சு கிடக்கும். கோடையில் முதல் மழை நாலு தூறல் போட்டதும் அது மேல வந்து மிதக்கும். முதல் மழையில் டூவீலர்கள் வழுக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"ஒரு ஆயில் கசிவுக்கு இவ்ளோ பில்டப்பா?"

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானம். உள்ளே 469 பேர். கிளம்பிய சில நிமிடங்களில் இரண்டாம் எண் என்ஜின் வெடித்து, அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. விமானிகள் திறமையால் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள். விசாரணையில் என்ன தெரிந்தது? என்ஜினுக்குள் ஆயில் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழாய். அதன் உட்பக்கத்தைக் குடையும்போது மையம் விலகிவிட்டதால், சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அங்கே விரிசல் விழுந்து, ஆயில் கசிந்து, சூடான பகுதியில் தீப்பிடித்திருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கே அவ்ளோதான் தேவைப்பட்டது.

சரி, நம்ம பைக்குக்கு வருவோம்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப வாங்கின 100 சி.சி வண்டி என்னோடது. 12 வருஷம் ஆச்சு. போன மாசம் அம்மா சொன்னாங்க, "தம்பி, கோலம் போடுற இடத்துல தினமும் கருப்புப் பொட்டு வைக்குதுப்பா உன் வண்டி. ஒண்ணு அதைச் சரி பண்ணு, இல்ல தெருவுல நிறுத்து."

அதுக்கு முன்னாடியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு தடவை காட்டியிருந்தேன். ரெண்டு தடவையும் ஒரே வைத்தியம். ஆயில் சொட்டுறது என்ஜினுக்கு அடியில் இருக்கிற டிரெய்ன் போல்ட்டில் இருந்து. அதனால அதோட வாஷரை மாத்தி, போல்ட்டை இறுக்கி அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் சுத்தமா இருக்கும். மறுபடி பொட்டு.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துடலாம்னு முடிவு பண்ணினேன். நான் செஞ்சதை வரிசையா சொல்றேன். உங்க வண்டிக்கும் இது பொருந்தும்.

1. கசியுறது என்னன்னு முதல்ல பாருங்க.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளோ, சுத்தமான அட்டையோ விரிங்க. காலையில் கறை எங்கே, என்ன நிறம்னு பாருங்க. கருப்பா, பழுப்பா, வழவழன்னு, காயாம இருந்தா என்ஜின் ஆயில். வாசனை அடிச்சுட்டு காணாமப் போனா பெட்ரோல். முன் சக்கரத்துக்கு நேரா இருந்தா ஃபோர்க் ஆயிலா இருக்கலாம். டிஸ்க் பிரேக் வண்டியில் நீர்த்த மஞ்சள் திரவம்னா பிரேக் ஆயில், அந்த வண்டியை எடுக்கவே கூடாது. இடது பக்கம் முன் ஸ்ப்ராக்கெட் ஓரத்துல மண்ணோட பிசுபிசுன்னு இருந்தா, அது பெரும்பாலும் செயினுக்குப் போட்ட ஆயில் சிதறினது. அதைப் பார்த்து என்ஜினைப் பிரிச்சவங்களும் உண்டு.

எங்ககிட்ட மண்டையில் அடிபட்டு, மூக்கில் தண்ணி வடியுதுன்னு வருவாங்க. அது சளியா, மூளையைச் சுத்தி இருக்கிற நீரான்னுதான் முதல் கேள்வி. என்ன வடியுதுன்னு தெரியாம வைத்தியம் தொடங்கவே முடியாது.

2. எவ்வளவு குறையுதுன்னு அளந்து பாருங்க.

சமதளத்துல சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஆயில் குச்சியை வண்டியோட புத்தகத்தில் சொன்னபடி வச்சு அளவு பாருங்க. சில வண்டிக்குக் குச்சியைத் திருகாம வச்சுப் பார்க்கணும், சிலதுக்குத் திருகணும். அளவையும் கிலோமீட்டரையும் எழுதி வைங்க. கீழே சொட்டே இல்லாம ஆயில் மட்டும் குறைஞ்சு, சைலன்சரில் நீலப் புகை வந்தா அது வேற நோய். ஆயில் உள்ளேயே எரியுது. எங்க பாஷையில் உள் ரத்தக்கசிவு. அதை வீட்டில் பார்க்க முடியாது.

3. கழுவுங்க. இதுதான் முக்கியம்.

எல்லாரும் தாண்டிப் போற படி இது. அழுக்குப் படிஞ்ச என்ஜினில் எங்கே பார்த்தாலும் ஈரமாத்தான் தெரியும்.

தலையில் அடிபட்டு வர்றவரோட முகம் முழுக்க ரத்தமா இருக்கும். கூட வந்தவங்க "முகமே போச்சு டாக்டர்"னு அழுவாங்க. சலைன் ஊத்திக் கழுவினா, முடிக்குள்ள ரெண்டு சென்டிமீட்டர் வெட்டு ஒண்ணு இருக்கும். மொத்த ரத்தமும் அங்கிருந்து வந்தது. கழுவாம தேடினா கன்னத்தையும் மூக்கையும் தைச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

என்ஜின் நல்லா ஆறின பிறகு, பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய டூத் பிரஷ், தண்ணி. ஏர் ஃபில்டர் வாயையும் ஒயர் சாக்கெட்டையும் பாலிதீன் கவர் கட்டி மூடிக்குங்க. கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைச்சு, வெயிலில் காய விடுங்க.

4. பவுடர் போடுங்க.

சிரிக்காதீங்க. சாதாரண முகப்பவுடர். காய்ஞ்ச என்ஜின் மேல மூக்கில் மாஸ்க் போட்டுக்கிட்டு லேசாத் தூவுங்க. என்ஜின் வெள்ளையாயிடும். அப்புறம் வண்டியை ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. ஆயில் எங்கே கசிஞ்சாலும், வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு போட்டுக் காட்டிடும்.

கண்ணில் தூசி விழுந்து வந்தா, நாங்க ஃப்ளூரசின் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்போம். கருவிழியில் கீறல் இருக்கிற இடம் மட்டும் பச்சையா மின்னும். பெரிய கார் ஒர்க்‌ஷாப்புகளில் ஆயிலிலேயே இந்த மாதிரி ஒரு சாயம் கலந்து, புற ஊதா விளக்கு அடிச்சுக் கசிவைப் பிடிப்பாங்க. ரெண்டும் ஒரே யோசனைதான். நம்ம வீட்டுக்கு முகப்பவுடர் போதும்.

5. மேலிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால பாருங்க.

ஆயில் கீழ்நோக்கி வடியும். வண்டி ஓடும்போது காத்து அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால ஈரமா இருக்கிற இடங்களில் எது மேலே இருக்கோ, எது முன்னால இருக்கோ, அதுதான் ஊற்றுக்கண். மத்ததெல்லாம் அது ஓடி வந்த பாதை.

என் வண்டியில் என்ன தெரிஞ்சது? ரெண்டு தடவை வைத்தியம் பார்த்த டிரெய்ன் போல்ட்டைச் சுத்தி இருந்த பவுடர் கலையவே இல்லை. மேலே டேப்பட் மூடி ஓரத்தில் மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு. அது ஃபின்களில் வழிஞ்சு, என்ஜின் வயித்தோட ஒட்டிக்கிட்டே பின்னால வந்து, அடியில் தாழ்வா இருக்கிற போல்ட் தலையில் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து சொட்டியிருக்கு. போல்ட் பாவம். அது வெறும் வாசல்.

வயித்தில் புண் வந்து ரத்தம் கசிஞ்சா, அது மலத்தில் தார் மாதிரி கருப்பா வெளியே வரும். வெளியே வர்ற வாசலை மட்டும் பார்த்து மூலம்னு முடிவு கட்டி, ஊரில் கிடைக்கிற மூல மருந்தெல்லாம் சாப்பிட்டு வர்றவங்க எத்தனையோ பேர்.

6. ஏன் அங்கே கசிஞ்சதுன்னு கேளுங்க.

டேப்பட் மூடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். கழட்டிப் பார்த்தா பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகிப் போயிருந்தது. 12 வருஷ சூடு. அதை எடுத்துக்கிட்டு நால்ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய வயசு மெக்கானிக்கிட்ட போனேன். அதே அளவில் புது ரிங்கை எடுத்துக் கொடுத்துட்டு அவர் கேட்டார்:

"ரிங் போட்டா நிக்கும் டாக்டர் சார். பிரீதர் டியூப் பார்த்தீங்களா?"

"அது எதுக்குண்ணே?"

"ரிங் பழசுதான். ஆனா உள்ள காத்து முட்டலைன்னா பழைய ரிங்கும் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். போய்ப் பாருங்க."

விஷயம் இதுதான். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது என்ஜின் வயித்துக்குள்ள காத்து அழுத்தம் ஏறி இறங்கும். எரிஞ்ச வாயுவிலும் கொஞ்சம் ரிங் ஓரமா உள்ளே இறங்கும். அந்த அழுத்தம் வெளியே போறதுக்கு ஒரு ரப்பர் குழாய் வச்சிருப்பாங்க. அதுதான் பிரீதர். பெரும்பாலான வண்டியில் அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். சில பழைய வண்டிகளில் சும்மா கீழே தொங்கும், அதன் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைச்சிடும். குழாய் அடைச்சா காத்து சும்மா இருக்காது. எந்த சீல் பலவீனமோ அதை நெட்டித் தள்ளிக்கிட்டு, ஆயிலையும் கூட்டிக்கிட்டு வெளியே வரும்.

வீட்டுக்கு வந்து சைடு பேனலைக் கழட்டினேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவுல அந்தக் குழாய் மடங்கி, தட்டையா நசுங்கிக் கிடந்தது.

எனக்குச் சட்டுனு ஞாபகம் வந்தது குடலிறக்கம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வர்றவர்கிட்ட நல்ல சர்ஜன் முதல்ல வயித்தைத் தொட மாட்டார். "நாள்பட்ட இருமல் இருக்கா? மலச்சிக்கல் இருக்கா? முக்கித்தான் ஒண்ணுக்குப் போறீங்களா?" என்று கேட்பார். ஏன்னா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே இருந்தா, எவ்வளவு அழகா தைச்சாலும் இன்னொரு நாள் பிதுங்கும். மெக்கானிக் அண்ணன் என்கிட்ட கேட்டதும் அதே கேள்விதான். எங்களுக்கு இதை மெடிக்கல் காலேஜில் பாடமா நடத்தினாங்க. அவருக்கு 40 வருஷ வண்டிகள் நடத்தியிருக்கு.

புது ஓ-ரிங், அரை அடி ரப்பர் குழாய், கொஞ்சம் ஆயில். மொத்தச் செலவு 200 ரூபாயைத் தாண்டலை. மறுநாள் ராத்திரி மறுபடி வெள்ளை அட்டை விரிச்சேன். ஒரு வாரம் தொடர்ந்து விரிச்சேன். கறை இல்லை. ரிவ்யூ பார்க்காம கேஸை மூடக்கூடாது, அது வண்டியா இருந்தாலும்.

சரி பண்ணும்போது ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு, "இன்னும் ஒரு திருப்பு" வேண்டாம். போல்ட் இரும்பு, என்ஜின் உடம்பு அலுமினியம். வலுக்கட்டாயமா இறுக்கினா அலுமினிய மரை போயிடும். 20 ரூபாய் வேலை லேத் பட்டறைக்குப் போகும்.

ரெண்டு, ஒட்டுப் பசையை அப்பாதீங்க. பேக்கிங் ஓரத்தில் தேவைக்கு மேல தடவினா, உள்பக்கம் பிதுங்கினது உடைஞ்சு ஆயிலோட சுத்த ஆரம்பிக்கும். போய் ஆயில் வலையையோ சின்ன ஆயில் துவாரத்தையோ அடைக்கும். காலில் உறைஞ்ச ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கிற மாதிரி.

இப்போ டாக்டரா சில விஷயம். இதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது. கசிவு தேடுறப்பவும், செயினைத் துடைக்கிறப்பவும் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கியரில் ஓடவிட்டு, துணியால் பிடிக்கிறாங்க. துணி செயினில் மாட்டும், விரலும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போகும். கண் சிமிட்டுற நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படி வர்ற விரல்கள் என் மனசை விட்டுப் போறதில்லை. பெரும்பாலும் வலது கை. பெரும்பாலும் அந்தக் கையை வச்சுத்தான் அவர் பிழைக்கணும். பார்க்கிறதுன்னா டார்ச் அடிச்சுத் தூர நின்னு பாருங்க. தொடுறதுன்னா சாவியைக் கையில் எடுத்துட்டுத் தொடுங்க. லுங்கி, துப்பட்டா, தொங்குற துண்டு எதுவும் வேண்டாம். குழந்தைகள் பக்கத்துல இருக்க வேண்டாம்.

மீறி நடந்துட்டா, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிச்சு கையை உயர்த்தி வைங்க. துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுத்தி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணியில் வைங்க. ஐஸ் நேரா விரலில் படக்கூடாது. 108-க்குக் கூப்பிடுங்க.

பழைய ஆயிலை வெறும் கையில் தொடாதீங்க. லண்டனில் புகைக்கூண்டு சுத்தம் பண்ணின பையன்களுக்கு, பின்னாளில் விதைப்பையில் புற்றுநோய் வர்றதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற சர்ஜன் எழுதினார். காரணம் தோலில் படிஞ்ச கரி. 1922-இல் மான்செஸ்டர் டாக்டர்கள் அதே புற்றுநோயைப் பஞ்சாலைத் தொழிலாளிகளிடம் பார்த்தார்கள். அங்கே காரணம், நூற்பு இயந்திரத்திலிருந்து தெறிச்சு கால்சட்டையில் ஊறின எண்ணெய். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. புது ஆயில் நல்லா சுத்திகரிக்கப்பட்டது. ஆனா என்ஜினுக்குள்ள ஓடி ஓடிக் கருத்த ஆயிலில், எரிபொருள் எரிஞ்சு வர்ற அந்தக் கரி ரசாயனங்கள் சேர்ந்துக்கிட்டே போகும்.

ஒரு நாள் கையில் பட்டதுக்குப் பயப்பட வேண்டாம். வருஷக்கணக்கா தினமும் படுறதுதான் பிரச்சனை. அதனால இதை மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்காகவும் சொல்றேன். நைட்ரைல் கையுறை போடுங்க. ஆயில் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகாதீங்க. வேலை முடிஞ்சா அந்த உடுப்போட வீட்டுக்குப் போகாதீங்க. கையை பெட்ரோலில் கழுவாதீங்க, அது தோலோட எண்ணெய்ப் பசையையும் எடுத்துட்டு விஷம் உள்ளே போக வழி விடும். சோப்பு போதும். ஆறாத புண், வளர்ற மரு இருந்தா, எந்த இடமா இருந்தாலும் வெட்கப்படாம காட்டுங்க.

பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீங்க. வயித்துக்குப் போறதைவிட நுரையீரலுக்குப் போறதுதான் ஆபத்து. தெரியாம விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி.

மூடின ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தலைசுத்தல் வந்தா உடனே வெளியே வாங்க.

சைலன்சர் சுட்டுட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில் காட்டுங்க. பேஸ்ட், இங்க், கிரீஸ் எதுவும் வேண்டாம். அதே மாதிரி, சொறி பிடிச்ச நாய்க்குக் கழிவு ஆயில் தடவுற பழக்கத்தையும் விட்டுடுங்க. அது நக்கி நக்கி விஷத்தை முழுங்கும்.

பிடிச்ச கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊத்தாதீங்க. ஒருமுறை மாத்துற ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்கப் போதும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. எங்க ஊர்ச் சாக்கடைக்கும் பெருவளை வாய்க்காலுக்கும் எவ்வளவு தூரம்? கொள்ளிடம் எவ்வளவு தூரம்? திருச்சி ஜனம் குடிக்கிற தண்ணி அந்த ஆத்து மணலுக்குள்ள இருந்துதான் வருது. பழைய கேனில் பிடிச்சு, ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.

எதையெல்லாம் வீட்டில் பார்க்கக் கூடாது? ஹெட் கேஸ்கெட், கிளட்ச் கவருக்கு உள்ளே இருக்கிற சீல், என்ஜின் ரெண்டா பிரியுற இணைப்பு, நீலப் புகை. இதெல்லாம் மெக்கானிக் வேலை. பின் டயரிலோ பிரேக்கிலோ ஆயில் தெரிஞ்சா ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க, தள்ளிக்கிட்டுப் போங்க, இல்லைன்னா அவரை வரச் சொல்லுங்க. ஆனா போகும்போது "ஆயில் லீக்"னு மட்டும் சொல்லாதீங்க. "கழுவிப் பார்த்தேன், இந்த இடத்தில்தான் ஈரம் ஆரம்பிக்குது"ன்னு சொல்லுங்க. நோயாளி இப்படி வந்து சொன்னா எங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமோ, அவருக்கும் அவ்வளவு மிச்சம்.

கடைசியா, இவ்வளவு நீளமா எழுதினதுக்கான காரணம்.

என் ஓ.பி-க்கு அடிக்கடி வர்ற ஒரு வகை நோயாளி உண்டு. ஐம்பதைத் தாண்டின ஆண். மூட்டு வலி. மெடிக்கல் ஷாப்பில் வாங்கின வலி மாத்திரை பல மாசமா உள்ளே போகுது. மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஆள் வெளுத்துப் போயிருக்கார். ஹீமோகுளோபின் 7. ஆம்பளைக்கு 13-க்கு மேல இருக்கணும். கேட்டா, "ரத்தம் கம்மின்னு சொன்னாங்க டாக்டர், டானிக் குடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார். மலம் கருப்பா போகுதான்னு கேட்டா, "டானிக் குடிச்சா அப்படித்தான் போகும்னாங்க." அதுவும் உண்மைதான், இரும்புச்சத்து மருந்து மலத்தைக் கருப்பாக்கும். அதனாலேயே அடியில் நடக்கிற கசிவு மறைஞ்சு போகுது.

இங்கேயும் ஒரு கணக்கு. 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்புச்சத்து. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு இழுத்துக்கிறது 1 முதல் 2 மில்லிகிராம். தினம் ஒரு டீஸ்பூன் ரத்தம், 5 மில்லி, வயித்துப் புண்ணிலிருந்து கசிஞ்சா இரண்டரை மில்லிகிராம் போச்சு. வரவைவிடச் செலவு அதிகம். கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. டானிக் குடிச்சா கொஞ்சம் ஏறும், நிறுத்தினா இறங்கும். கால் லிட்டர் ஆயில் ஊத்துற கதைதான். எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்த்தா சிலருக்கு வலி மாத்திரை போட்ட புண். சிலருக்குக் குடலில் கட்டி. ஆறு மாசம் முன்னாடி பார்த்திருந்தா சின்னக் கட்டி.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிக்குப் பாதி. பலருக்குக் காரணம் சாப்பாட்டில் சத்து போதாதது. ஆனா மாசாமாசம் ஏழு நாள், எட்டு நாள் உதிரம் போறதை "எல்லாருக்கும் அப்படித்தான்"னு விட்டுட்டு, மாத்திரையை மட்டும் முழுங்குற அம்மாக்களும் அக்காக்களும் அதில் நிறைய. மாத்திரை அவசியம், நிறுத்தாதீங்க. கூடவே, போற ரத்தம் எங்கிருந்து, ஏன் இவ்வளவுன்னு ஒருமுறை காட்டுங்க. அரசு மருத்துவமனையில் இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்த தடவை கால் லிட்டர் ஆயில் வாங்கினாலும் சரி, ரெண்டாவது பாட்டில் டானிக் வாங்கினாலும் சரி, மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"போனதெல்லாம் எங்கே போச்சு?"